மன்றாட்டிலிருந்து அருட்கோட்பாடு: ஹிப்போ ஆயர் அகுஸ்தினாரின் வாழ்வில் இறையாண்மையும் மனிதப் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ இறையியலில் இறைவனின் முழு ஆளுகை, மனிதனின் பொறுப்பு, மன்றாட்டின் பயன் ஆகிய மூன்றையும் ஒருசேர எதிர்கொண்ட முதற்பெரும் சிந்தனையாளர் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தினார் (கி.பி. 354–430). இளமையில் தன்விருப்பத்தைப் போற்றிய அவர் முதுமையில் முன்குறிப்புக் கோட்பாட்டுக்குள் இறுகிப்போனார் என்பது பரவலான மதிப்பீடு. அவருடைய வாழ்க்கை நிகழ்வுகளைக் கால வரிசையில் தொடர்ந்து நோக்கும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் மன்றாட்டு என்னும் நடைமுறையே அவருக்கு முதற்சான்றாக நின்றது என்பதும், அருட்கோட்பாடு அந்நடைமுறைக்கு அவர் கண்ட விளக்கமே என்பதும் புலப்படுகின்றன. அவ்விளக்கம் எங்கு வலுவுடன் நிற்கிறது, எங்குத் தளர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அகுஸ்தினார், இறையாண்மை, தன்விருப்பம், அருள், முன்குறிப்பு, மன்றாட்டு, பெலாஜியுஸ்.

முன்னுரை

அனைத்தும் இறைவனின் திருவுளப்படியே நிகழ்கின்றன என்றால் மனிதன் செய்த பிழைக்கு அவனைப் பொறுப்பாக்குவது எங்ஙனம்? நிகழவிருப்பதை இறைவன் முன்னரே அறிந்து வகுத்துவிட்டான் என்றால் அவனிடம் மன்றாடுவதால் ஆவது என்ன? இவ்வினாக்கள் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியன அல்ல. ஊழ் என்னும் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தையும் ஒரே நூலுள் கற்றவர்க்கும், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக்குட்டி என வடகலையாரும் தென்கலையாரும் கொண்ட உவமைகளை அறிந்தவர்க்கும் இவ்வினாக்களின் கூர்மை புதிதன்று.

கிறித்தவ மரபில் இவ்வினாக்களுக்கு நிலையான வடிவம் தந்தவர் அகுஸ்தினார். அவருடைய விடைகளைப் பின்வந்தோர் கோட்பாடுகளாகத் தொகுத்துக் கற்றனர். ஆயின் அவ்விடைகள் பள்ளி அறையில் பிறந்தவை அல்ல. ஒரு தாயின் கண்ணீர், அகதியாக வந்த ஒரு கைம்பெண்ணின் ஐயம், ஒரு துறவு மடத்தில் எழுந்த பூசல், ஒரு நகரத்தின் முற்றுகை ஆகிய சூழல்களில் அவை உருவாயின. ஆதலின் அவற்றை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் படிப்பது இன்றியமையாததாகிறது.

பொறுப்பைத் துறந்த இளமை

அகுஸ்தினார் கி.பி. 354 நவம்பர் 13ஆம் நாள் உரோமப் பேரரசின் வட ஆப்பிரிக்கப் பகுதியில், இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ் நகரமாகிய தாகாஸ்தேயில் பிறந்தார். தந்தை பத்ரீசியுஸ் தம் இறுதிக்காலம் வரை கிறித்தவத்தில் சேராதவர். தாய் மோனிக்கா உறுதியான கிறித்தவர். மதௌராவிலும் கார்த்தேஜிலும் அவர் கல்வி பயின்றார். மேற்படிப்புக்கு ஊர்ச் செல்வர் ரொமானியானுஸ் பொருளுதவி செய்தார். கார்த்தேஜில் ஒரு பெண்ணோடு மணவினையின்றி வாழ்ந்து அதேயோதாத்துஸ் என்னும் மகனைப் பெற்றார். அப்பெண்ணின் பெயரை அவர் தம் நூல்களில் எங்கும் குறிப்பிடவில்லை.

பத்தொன்பதாம் வயதில் சிசரோவின் ஒர்த்தென்சியுஸ் என்னும் நூல் அவருள் மெய்ம்மை வேட்கையை எழுப்பியது. அவ்வேட்கை அவரை மானிக்கேய சமயத்திடம் கொண்டு சேர்த்தது. ஒளி, இருள் என்னும் இரு முதற்பொருள்கள் தம்முள் போரிடுகின்றன என்பதும், மனிதனுள் நிகழும் தீமை இருளின் செயல் என்பதும் அச்சமயத்தின் கொள்கை. ஒன்பது ஆண்டுகள் அகுஸ்தினார் அதன் கேட்போர் நிலையில் இருந்தார். தீமை செய்வது தாமல்லர், தம்முள் குடிகொண்ட வேறொரு தன்மையே என்னும் எண்ணம் அக்காலத்தில் தமக்கு இனிமையாக இருந்தது என்பதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய சிந்தனை வரலாற்றின் தொடக்கப்புள்ளி இதுவே. மனிதப் பொறுப்பை மறுக்கும் ஒரு சமயத்தின் உள்ளிருந்து வெளியேறியவர் அவர். பின்னாளில் அருளை எவ்வளவு உயர்த்திப் பேசியபோதும், பொறுப்பை முற்றிலும் கைவிட அவர் உடன்படாமைக்கு இந்த அனுபவமே அடிப்படை. பதினாறாம் வயதில் தோழர்களோடு சேர்ந்து பேரிக்காய்களைத் திருடி எறிந்த சிறுநிகழ்ச்சியை அவர் தம் அறிக்கைகள் நூலில் அத்தனை விரிவாக ஆராய்வதும் இதனால்தான். பசியும் வறுமையும் தூண்டாத அச்செயலுக்குத் தம் விருப்பத்தையன்றி வேறெதையும் காரணமாகக் காட்ட இயலாது என்பதே அவ்வாராய்ச்சியின் முடிவு.

மறுக்கப்பட்ட மன்றாட்டு

கி.பி. 383இல் அகுஸ்தினார் கார்த்தேஜை விட்டு உரோமுக்குக் கப்பலேற முடிவுசெய்தார். மோனிக்கா அவரைத் தடுக்கத் துறைமுகம் வரை பின்தொடர்ந்தார். நண்பர் ஒருவரை வழியனுப்ப வந்ததாகப் பொய்யுரைத்து, மறைச்சாட்சி சிப்ரியானின் நினைவுக் கோயிலில் தாயைத் தங்கவைத்துவிட்டு, இரவோடிரவாக மகன் கப்பலேறினார். அவ்விரவு முழுவதும் மோனிக்கா மகனின் பயணம் தடைபட வேண்டுமென மன்றாடினார். பயணம் தடைபடவில்லை.

ஆயின் உரோமிலிருந்து மிலான் நகருக்கு நாவன்மை ஆசிரியராகச் சென்ற அகுஸ்தினார் அங்கு ஆயர் அம்புரோஸின் மறையுரைகளைக் கேட்டார், மானிக்கேயத்தைக் கைவிட்டார், பிளேட்டோ மரபினரின் நூல்கள் வழியாகத் தீமை என்பது தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே என உணர்ந்தார். கி.பி. 386இல் மிலான் தோட்டத்தில் பவுலின் உரோமையர் மடலைப் படித்த வேளையில் அவருடைய நெடுநாள் தயக்கம் தீர்ந்தது. 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா இரவில் அம்புரோஸ் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். அதே ஆண்டு ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியாவில் மோனிக்கா தம் 56ஆம் வயதில் மறைந்தார்.

துறைமுக நிகழ்ச்சியை எழுதும்போது அகுஸ்தினார் ஒரு நுட்பமான வேறுபாட்டை முன்வைக்கிறார். தாய் அன்றிரவு கேட்டதை இறைவன் மறுத்தார். தாய் எப்போதும் கேட்டுவந்ததை அந்த மறுப்பின் வாயிலாகவே நிறைவேற்றினார். மகனின் பொய், தாயின் பற்று, புதிய பதவி மீதான ஆசை ஆகிய மனிதச் செயல்கள் அனைத்தும் தத்தம் குற்றத்தோடும் குறையோடும் அங்கே இருக்கின்றன. பொய் பொய்யாகவே நிற்கிறது. அதற்கு அவர் மன்னிப்பும் கேட்கிறார். எனினும் அவற்றினூடே வேறொரு திருவுளம் செயற்பட்டதை அவர் பின்னோக்கிக் காண்கிறார். இறையாண்மையையும் மனிதப் பொறுப்பையும் ஒரே நிகழ்ச்சியில் ஒன்றையொன்று அழிக்காமல் படிக்கும் முறைமை இவ்விடத்தில் உருப்பெறுகிறது.

யாக்கோபும் ஏசாவும்

கி.பி. 388இல் ஆப்பிரிக்கா திரும்பிய அகுஸ்தினார் தாகாஸ்தேயில் நண்பர்களோடு துறவு வாழ்வைத் தொடங்கினார். 391இல் ஹிப்போ நகர மக்கள் அவரை வற்புறுத்திக் குருவாக்கினர். 395–396 அளவில் அவர் ஆயரானார். தன்விருப்பம் பற்றிய நூலை அவர் 388இல் தொடங்கிக் குருவாக இருந்த காலத்தில் முடித்தார். தீமைக்கு இறைவன் காரணர் அல்லர், மனிதனின் விருப்பமே காரணம் என மானிக்கேயரை எதிர்த்து நிறுவுவது அந்நூலின் நோக்கம்.

ஆயரான தொடக்கக் காலத்தில், மிலானைச் சேர்ந்த சிம்பிளிசியானுஸ் எழுப்பிய வினாக்களுக்கு விடையளிக்க முற்பட்டபோது பெரிய திருப்பம் நேர்ந்தது. உரோமையர் மடல் 9ஆம் அதிகாரத்தில், பிறப்பதற்கு முன்னரே, நன்மையோ தீமையோ செய்வதற்கு முன்னரே யாக்கோபு தெரிந்துகொள்ளப்பட்டதும் ஏசா ஒதுக்கப்பட்டதும் பேசப்படுகின்றன. பின்னர் அவர்கள் செய்யப்போகும் செயல்களையோ கொள்ளப்போகும் நம்பிக்கையையோ இறைவன் முன்னறிந்து தேர்ந்தார் என விளக்கம் கூற முதலில் அவர் முயன்றார். அது பவுலின் வாதத்துக்கே முரணாவதைக் கண்டு அதனைக் கைவிட்டார். மனிதனிடம் உள்ளவற்றுள் அவன் பெற்றுக்கொள்ளாதது எதுவுமில்லை என உணர்த்தும் 1 கொரிந்தியர் 4:7 அவருக்கு வழிகாட்டியது. நம்பிக்கையின் தொடக்கமும் கொடையே என்னும் முடிவுக்கு அவர் வந்தார். மனித விருப்பத்தின் சார்பில் தாம் வழக்காடியதையும், இறுதியில் இறையருளே வென்றதையும் முதுமையில் எழுதிய மறுஆய்வுகள் நூலில் அவர் பதிவுசெய்துள்ளார்.

காலக்கணக்கு இங்கே கருதத்தக்கது. பெலாஜியுஸோடு மோதல் தொடங்குவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் முன்னரே இம்முடிவு எட்டப்பட்டுவிட்டது. எனவே அருட்கோட்பாடு வெறும் வாதப்போரின் விளைவு என்னும் கருத்து ஏற்புடையதன்று. மேலும், இத்திருப்பத்தை அடுத்து அவர் எழுதிய நூல் அறிக்கைகள். அது முழுவதும் இறைவனை முன்னிலைப்படுத்தி நிகழ்த்தும் மன்றாட்டாக அமைந்தது. அருளே முதலிடம் பெறும் என முடிவு செய்தவர் மன்றாடுவதை நிறுத்தவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றையே மன்றாட்டாக எழுதினார்.

ஒரு வேண்டுதலும் ஒரு விவாதமும்

அறிக்கைகள் நூலின் 10ஆம் பகுதியில், கட்டளையை நிறைவேற்றும் ஆற்றலையும் கட்டளையிட்ட இறைவனிடமே இரந்து நிற்கும் ஒரு வேண்டுதல் மீண்டும் மீண்டும் வருகிறது. உரோமில் ஒருவர் இதனை எடுத்துரைக்கக் கேட்ட பெலாஜியுஸ் பொறுக்க மாட்டாமல் கடிந்து பேசினார். பிரித்தானியாவிலிருந்து வந்து உரோமில் வாழ்ந்த அவர், செல்வர் குடும்பங்களைத் தூய வாழ்வுக்கு வழிநடத்திய துறவொழுக்கத்தினர். அவருடைய அச்சம் பொருளற்றதன்று. ஆற்றலையும் இறைவனே தரவேண்டும் என்றால், தராதவரை தான் பொறுப்பில்லை எனச் சோம்பல் கொண்ட கிறித்தவன் சொல்லிவிடுவான். இறைவன் இயலாததைக் கட்டளையிடுவார் எனக் கருதுவது அவருடைய நீதிக்கு இழுக்கு. படைப்பிலேயே தன்விருப்பத்தையும், திருச்சட்டத்தையும், கிறிஸ்துவின் முன்மாதிரியையும் தந்திருப்பதே அருள். எஞ்சியது மனிதனின் கடமை. அகுஸ்தினாரின் தன்விருப்பம் பற்றிய நூலிலிருந்தே பெலாஜியுஸ் தமக்கு ஆதரவு காட்டியது இவ்விவாதத்தின் முரண்.

கி.பி. 410இல் கோத்தியர் உரோமைச் சூறையாடியதும் பலர் ஆப்பிரிக்காவுக்கு ஓடிவந்தனர். அவர்களுள் பெலாஜியுஸும் அவர் மாணவர் செலஸ்தியுஸும் இருந்தனர். 411இல் செலஸ்தியுஸ் கார்த்தேஜில் கண்டிக்கப்பட்டார். பெலாஜியுஸ் பாலத்தீனம் சென்றார். 415இல் தியோஸ்போலிஸ் சங்கம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. 416இல் ஆப்பிரிக்கச் சங்கங்கள் அவருடைய கருத்துகளைக் கண்டித்தன. 417இல் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் அதனை உறுதிசெய்தார். அவருக்குப் பின் வந்த சோசிமுஸ் முதலில் தயங்கினார். 418இல் பேரரசர் ஒனோரியுஸின் ஆணையும், மே மாதம் கூடிய கார்த்தேஜ் சங்கத்தின் தீர்ப்பும் வந்தபின் அவரும் கண்டனத்தில் சேர்ந்தார்.

இவ்விவாதத்தில் அகுஸ்தினார் மீண்டும் மீண்டும் கையாண்ட வாதம் மன்றாட்டைச் சார்ந்தது. சோதனையில் விழாதபடி காக்குமாறு கிறிஸ்து கற்பித்த மன்றாட்டில் கிறித்தவர் நாள்தோறும் வேண்டுகின்றனர். பாவம் செய்யாதிருக்கும் ஆற்றல் இயல்பாகவே தம்மிடம் இருக்குமாயின் அவ்வேண்டுதல் வெறும் பாவனையாகிவிடும். ஏற்கெனவே கையில் இருப்பதைக் கொடுக்கும்படி ஒருவர் கேட்பதில்லை. அவ்வாறே, நம்பாதவர்கள் நம்பிக்கை கொள்ளுமாறு திருச்சபை மன்றாடுகிறது. நம்பிக்கையின் தொடக்கம் முழுவதும் மனிதன் கையில் இருக்குமாயின் அதற்காக இறைவனிடம் கேட்பது எதற்கு? கார்த்தேஜைச் சேர்ந்த வித்தாலிஸ் என்பவருக்கு எழுதிய மடலில் இவ்வாதமே முதன்மையாக நிற்கிறது. மக்கள் எவ்வாறு வழிபடுகின்றனர் என்பதிலிருந்து அவர்கள் எதை நம்புகின்றனர் என்பதை அவர் வருவித்தார். கோட்பாட்டை முதலில் நிறுவி மன்றாட்டை அதற்குள் பொருத்துவது அவருடைய முறையன்று.

பிரோபாவின் ஐயம்

உரோமிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு அகதியாக வந்தவர்களுள் அனீசியர் குலத்துப் பெருஞ்செல்வக் கைம்பெண் பிரோபாவும் ஒருவர். எவ்வாறு மன்றாட வேண்டும் என அவர் கேட்டதற்கு ஏறத்தாழ 412இல் அகுஸ்தினார் எழுதிய நெடுமடல் மன்றாட்டு பற்றிய கிறித்தவ எழுத்துகளுள் தனியிடம் பெற்றது. கேட்பதற்கு முன்னரே மனிதரின் தேவையை இறைவன் அறிந்திருக்கக் கேட்பதன் பயன் யாது என்பது அதன் மைய வினா. இறைவனுக்குச் செய்தி அறிவிப்பது மன்றாட்டின் நோக்கமன்று. கேட்பவரின் வேட்கையைப் பயிற்றுவதே அதன் பணி என அவர் விடை தருகிறார். தரப்படவிருக்கும் கொடை பெரிது. ஏற்கும் உள்ளம் சிறிது. தொடர்ந்த வேட்கையால் உள்ளம் விரிகிறது. ஆகவே சொற்கள் பலவாதல் வேண்டா. எகிப்தியத் துறவியர் போலக் குறுகிய வேண்டுதல்களை அடிக்கடி எழுப்பினால் போதும். பவுல் தம்மை வருத்திய முள்ளை நீக்குமாறு கேட்டும் அது நீக்கப்படாமை, மறுப்பும் அருளின் வடிவாகலாம் என்பதற்குச் சான்றாக அம்மடலில் இடம்பெறுகிறது.

இதே குடும்பத்துக்கு மற்றொரு மடலும் சென்றது. பிரோபாவின் பேத்தி தெமேத்ரியாஸ் கன்னித் துறவு பூண்டபோது பெலாஜியுஸ் அவருக்கு எழுதிய மடல், மனித இயல்பின் ஆற்றலை எடுத்துரைத்து ஊக்குவது. பின்னர் அகுஸ்தினாரும் அவர் நண்பர் அலீப்பியுஸும் தெமேத்ரியாஸின் தாய் யூலியானாவுக்கு எழுதி, ஆன்மிகச் செல்வம் அவளிடமிருந்தே விளைவது என்னும் கருத்தை எச்சரித்தனர். ஒரு மடல் அவளை நிமிர்ந்து நிற்கச் சொல்கிறது. மற்றது நிமிர்ந்து நிற்கும் வலிமையும் பெற்றதே என நினைவூட்டுகிறது. இருவரும் எதிர்பார்த்த ஒழுக்கம் ஒன்றே. அதன் ஊற்று எது என்பதில்தான் அவர்கள் வேறுபட்டனர்.

முன்னறிவுக்கும் மன்றாட்டுக்கும் உள்ள தொடர்பை அகுஸ்தினார் கடவுளின் நகரம் நூலின் 5ஆம் பகுதியில் மேலும் தெளிவுபடுத்தினார். மனிதரின் சுதந்திரத்தைக் காப்பதற்காகத் தெய்வ முன்னறிவை மறுத்தவர் சிசரோ. அகுஸ்தினார் இரண்டையும் ஏற்கிறார். இறைவன் முன்னறிந்துள்ள காரணங்களின் வரிசையில் மனிதரின் விருப்பங்களும் காரணங்களாகவே இடம்பெறுகின்றன. ஆதலின் முன்னறிவு அவற்றை நீக்குவதில்லை. மன்றாட்டும் அவ்வாறே. மன்றாடுவோர்க்குத் தருவதாக இறைவன் முன்னறிந்தவற்றைப் பெற மன்றாட்டு பயன்படுகிறது. முடிவை மட்டும் வகுத்து வழியை வகுக்காத ஆளுகையன்று அது.

அத்ருமேத்து மடத்தின் வினா

அகுஸ்தினாரின் கோட்பாடு தன் கடுஞ்சோதனையைப் பகைவரிடமன்றி அன்பரிடம் சந்தித்தது. 418இல் அவர் உரோமைக் குரு சிக்ஸ்துஸுக்கு எழுதிய மடலின் படியொன்று ஃபுளோருஸ் என்னும் துறவியின் வாயிலாக அத்ருமேத்து மடத்தை அடைந்தது. அதனைப் படித்த துறவியர் பிளவுபட்டனர். எல்லாம் அருளே எனின் விருப்பத்துக்கு இடமில்லை என்றனர் சிலர். அருளைக் காக்க விருப்பத்தை மறுக்க வேண்டியதில்லை என்றனர் பிறர். மடத் தலைவர் வலந்தீனுஸின் துறவியருள் சிலர் ஹிப்போ வந்து விளக்கம் கேட்டனர். 426–427 அளவில் அகுஸ்தினார் அவர்களுக்காக அருளும் தன்விருப்பமும் என்னும் நூலை எழுதினார். கட்டளைகள் இருப்பதே விருப்பம் இருப்பதற்குச் சான்று. மன்றாட்டு இருப்பதே அருள் தேவை என்பதற்குச் சான்று என்பது அந்நூலின் சாரம்.

அதன் பின்னும் ஒருவர் வினவினார்: கட்டளையை நிறைவேற்றும் அருளை இறைவனே தருகிறார் எனின், தலைவர் எங்களுக்குக் கடமையைச் சொல்லி எங்களுக்காக மன்றாடினால் போதுமே, நாங்கள் தவறும்போது கண்டிப்பது எதற்கு? இவ்வினா அகுஸ்தினாரின் கோட்பாடு முழுவதையும் உரைத்துப் பார்க்கும் கல். அதற்கு விடையாகவே கண்டித்தலும் அருளும் என்னும் நூல் எழுந்தது. தவறு தவறியவரின் விருப்பத்திலிருந்து வந்தது. ஆதலின் கண்டனம் நீதியானது. கண்டனத்தால் நேரும் வருத்தத்தை மனமாற்றத்துக்குக் கருவியாக இறைவன் பயன்படுத்தலாம். ஆதலின் அது பயனுள்ளது. யார் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்பதை மனிதர் அறியார். ஆதலின் அனைவரையும் மீட்கப்படவேண்டியவராகவே கருதிக் கண்டிக்கவும் அனைவருக்காகவும் மன்றாடவும் கடன்பட்டுள்ளனர். முன்குறிப்பு இறைவனின் அறிவுக்கு உரியது. கடமை மனிதனின் அறியாமைக்குள் நிகழ்வது. இந்த அறியாமையையே அறத்துக்கு இடமாக்கியது அவ்விடையின் தனிச்சிறப்பு.

தென் கல்லியாவின் மர்சேய் பகுதித் துறவியர் இதனையும் ஏற்கவில்லை. முதல் அடியை மனிதன் எடுத்துவைக்க, இறையருள் அவனை எதிர்கொள்கிறது என்பது அவர்கள் நிலை. அவர்களுடைய மறுப்பைப் புரோஸ்பரும் இலாரியுஸும் மடல் வழித் தெரிவிக்க, புனிதர்களின் முன்குறிப்பு, நிலைத்திருத்தல் என்னும் கொடை ஆகிய இறுதி நூல்களை அகுஸ்தினார் எழுதினார். இரண்டாம் நூலில் 258இல் கொல்லப்பட்ட சிப்ரியானின் மன்றாட்டு விளக்கவுரையை அவர் விரிவாகக் கையாண்டார். கிறிஸ்து கற்பித்த மன்றாட்டின் வேண்டுதல்கள் பெரும்பாலும் நிலைத்திருத்தலையே கேட்கின்றன என்பது அங்கு அவர் காட்டும் சான்று. புதுமை புகுத்தியவர் என்னும் குற்றச்சாட்டுக்கு, ஆப்பிரிக்கத் திருச்சபை நெடுங்காலமாக மன்றாடிவந்ததையே தாம் விளக்கியதாக அவர் மறுமொழி கூறினார்.

கோட்பாட்டின் தளர்விடங்கள்

இவ்விளக்கத்தின் வலிமையை ஏற்கும்போதே அதன் தளர்விடங்களையும் சுட்டுதல் வேண்டும். முதலாவது, தொனாத்தியர் மீதான வற்புறுத்தல். தொடக்கத்தில் சமயப் பிரிவினரைச் சொல்லால் மட்டுமே வெல்ல வேண்டும் எனக் கருதிய அகுஸ்தினார், பேரரசின் சட்டங்களுக்கு அஞ்சித் தம் ஊராகிய தாகாஸ்தே கத்தோலிக்கத்துக்குத் திரும்பியதைக் கண்டு கருத்தை மாற்றிக்கொண்டார். ஏறத்தாழ 408இல் வின்சென்சியுஸுக்கு எழுதிய மடலில் இம்மாற்றத்தை அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். மரண தண்டனையை அவர் எதிர்த்தார் என்பது உண்மை. எனினும், உள்ளத்தை உள்ளிருந்தே திருப்பும் அருளைப் பேசியவர், வெளியிலிருந்து அச்சுறுத்தும் அரசாணையை அருளின் கருவியாகக் கொண்டது அவர் கோட்பாட்டின் பெருங்குறை. அச்சத்தால் இணங்கியவரின் இணக்கத்தை அவர் பெலாஜியுஸின் நூலில் கண்டிருந்தால் நம்பிக்கை என ஏற்றிருக்கமாட்டார்.

இரண்டாவது, திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகள். எக்லானம் ஆயர் யூலியான் இவ்விடத்தில் அவரை விடாது தாக்கினார். விருப்பம் என்பதையே அறியாத குழந்தைக்கு ஆதாமின் குற்றத்தைச் சுமத்தும் கடவுள் நீதியுள்ளவர் அல்லர் என்பது யூலியானின் வாதம். அக்குழந்தைகள் அடையும் தண்டனை மிக மென்மையானது எனக் கூறியதற்கு மேல் அகுஸ்தினாரால் செல்ல இயலவில்லை. மன்றாட்டிலிருந்து தொடங்கிய சிந்தனை, மன்றாட்டே இயலாத உயிரின் முன் நின்றபோது விடையிழந்தது. இறைவனின் நீதி மறைபொருள் என்னும் முடிவு பணிவின் வெளிப்பாடாக இருக்கலாம். யூலியானின் வினாவுக்கு அது விடையாகாது.

முற்றுகையில் ஓர் ஆயர்

கி.பி. 429இல் வந்தாலியர் கெய்செரிக் தலைமையில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்தனர். படை நெருங்கும்போது ஆயர்கள் தப்பியோடலாமா என ஒனோராத்துஸ் என்னும் ஆயர் கேட்டார். மக்களுக்குத் திருப்பணி தேவைப்படும் வரை பணியாளர் உடனிருக்க வேண்டும் என அகுஸ்தினார் விடையெழுதினார். நிகழ்வன யாவும் இறைவன் கையில் உள்ளன என நம்பியவர், அதனைக் காரணமாகக் காட்டிக் கடமையைத் தளர்த்தவில்லை.

430இல் ஹிப்போ முற்றுகையிடப்பட்டது. உடனிருந்த அவர் மாணவரும் வரலாற்றாசிரியருமான பொசிதியுஸ் அந்நாள்களைப் பதிவுசெய்துள்ளார். ஒருநாள் உணவு வேளையில் அகுஸ்தினார் தம் மன்றாட்டின் பொருளை நண்பர்களுக்குக் கூறினார். நகரத்தை இறைவன் விடுவிக்கட்டும். அவருடைய திருவுளம் வேறாக இருப்பின் அதனைத் தாங்கும் வலிமையைத் தம் ஊழியர்க்குத் தரட்டும். இன்றேல் தம்மை இவ்வுலகிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். இம்மூன்று படிகளிலும் அவருடைய கோட்பாடு முழுவதும் அடங்கியுள்ளது. விளைவு மாறவேண்டும் என வெளிப்படையாகக் கேட்பது முதற்படி. மாறாவிடின் தாம் மாறவேண்டும் எனக் கேட்பது இரண்டாம் படி. தம்மை முழுமையாக ஒப்படைப்பது மூன்றாம் படி.

முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அவர் காய்ச்சலுற்றார். மனம்வருந்துதல் பற்றிய திருப்பாடல்களை எழுதுவித்துப் படுக்கையில் கிடந்தபடியே படிக்குமாறு சுவரில் பொருத்தச் செய்தார். இறுதிப் பத்து நாள்கள் மருத்துவரும் உணவு கொணர்வோரும் தவிர எவரையும் அனுமதிக்காமல் மன்றாட்டில் கழித்தார். 430 ஆகஸ்ட் 28ஆம் நாள் தம் 75ஆம் வயதில் மறைந்தார். யூலியானுக்கு எதிரான இறுதி நூல் முடிவுறாமல் நின்றது.

பின்வரலாறும் தமிழ்த் தொடர்பும்

அகுஸ்தினார் விட்டுச்சென்ற இழுவிசை பின்னர் ஓயவில்லை. 529இல் ஒராஞ்சு சங்கம் நம்பிக்கையின் தொடக்கத்துக்கும் அருள் தேவை என ஏற்றது. தீமைக்கென மனிதர் முன்குறிக்கப்பட்டனர் என்னும் கருத்தை விலக்கியது. அகுஸ்தினார் சபைத் துறவியாக இருந்த மார்ட்டின் லூதர் 1525இல் எராஸ்முசுக்கு எதிராக அடிமைப்பட்ட விருப்பம் குறித்து எழுதினார். இயேசு சபையைச் சார்ந்த மொலினா 1588இல் மனிதச் சுதந்திரத்துக்கு இடமளிக்கும் விளக்கத்தை வெளியிட, தொமினிக்கர் அதனை எதிர்த்தனர். 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எத்தரப்புக்கும் தீர்ப்புச் சொல்லாமல் அவ்வழக்கை நிறுத்தினார்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் இயேசு சபையைச் சேர்ந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி மதுரை வந்து சேர்ந்தார். நூறாண்டுகள் கழித்து 1706இல் லூதரின் மரபினரான சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அகுஸ்தினாரை இருவேறு வகையில் படித்த இரு மரபுகள் இவ்வாறு தமிழ்நிலத்தில் கால்கொண்டன. கலைச்சொல் வரலாற்றிலும் இதன் சுவட்டைக் காணலாம். பழைய கத்தோலிக்க உரைநடை தேவ இஷ்டப்பிரசாதம் என்றது. சீர்திருத்தத் திருச்சபையின் திருமறை மொழிபெயர்ப்பில் கிருபை நிலைபெற்றது. இக்காலக் கத்தோலிக்க வழக்கு சைவ, வைணவ இலக்கியங்களில் ஊறிய அருள் என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு சொல்லும் பெறுதல் என்னும் பொருளை வெவ்வேறு அழுத்தத்தோடு ஏந்துகிறது. இச்சொற்களின் பொருள் வேறுபாட்டை ஆராய்வோர்க்கு அகுஸ்தினாரின் விவாதங்கள் தேவையான பின்புலமாகும்.

முடிவுரை

அகுஸ்தினாரின் வாழ்க்கை, தன்விருப்பத்திலிருந்து முன்குறிப்புக்குச் சென்ற நேர்கோடு அன்று. பொறுப்பை மறுத்த சமயத்திலிருந்து வெளியேறியவர் பொறுப்பை நிறுவினார். பொறுப்பை நிறைவேற்ற முயன்றபோது தம் இயலாமையை உணர்ந்தார். இயலாமையிலிருந்து எழுந்த மன்றாட்டை ஆராய்ந்து அருட்கோட்பாட்டை அடைந்தார். கட்டளை விருப்பத்துக்குச் சான்று, மன்றாட்டு அருளுக்குச் சான்று என்னும் இரட்டை வாய்பாடு இப்பயணத்தின் விளைவு. இறைவன் ஆளுபவர் என்பதற்காக மன்றாட்டைக் கைவிடுவோரையும், மனிதன் ஆற்றலுடையவன் என்பதற்காக மன்றாட்டைச் சடங்காக்குவோரையும் அவ்வாய்பாடு ஒருசேர மறுக்கிறது. அரசின் அச்சுறுத்தலை அருளோடு சேர்த்த இடத்திலும், மன்றாட இயலாத குழந்தையின் முடிவைப் பேசிய இடத்திலும் அது தன் அடித்தளத்தை விட்டு விலகியது. மன்றாடும் மனிதன் என்னும் அடித்தளத்தில் நின்றவரை அது வலுவோடு இருந்தது.